குரல்வளை நீக்கத்துக்குப் பின் குரல் வால்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரல்வளையை முழுவதும் எடுத்தபின் பேசுவதற்காக வைக்கப்படும் சிலிக்கான் வால்வு (வாய்ஸ் புரோஸ்தசிஸ்) பற்றி நோயாளிகளும் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே உள்ளன. மருத்துவமனையில் மட்டும் மாற்றக்கூடிய, உள்ளேயே தங்கும் வகை வால்வை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. வீட்டில் தாமே கழற்றி மாட்டும் வகை வைத்திருப்பவர்கள், மாட்டும் முறையை மட்டும் தங்கள் பேச்சு சிகிச்சையாளர் சொன்னபடி செய்துகொள்ளவும்.

இந்த வால்வு உள்ளே என்னதான் செய்யுது?

குரல்வளை போனபின் மூச்சு கழுத்துத் துளை (ஸ்டோமா) வழியாகப் போய் வருகிறது. உணவு வாய் வழியாக உணவுக்குழாய்க்குள் போகிறது. இரண்டு பாதையும் தனித்தனி. மூச்சுக்குழாயின் பின்சுவரும் உணவுக்குழாயின் முன்சுவரும் ஒட்டியிருக்கும் இடத்தில் சிறு துளையிட்டு அதில் வால்வை வைக்கிறார்கள். கழுத்துத் துளையை விரலால் மூடி மூச்சை வெளியே விட்டால் காற்று வால்வு வழியே உணவுக்குழாய்க்குள் போய், தொண்டையின் அடிப்பகுதித் தசையை அதிரவைக்கிறது. அந்த அதிர்வுதான் குரல். வால்வு தானாக எந்தச் சத்தமும் எழுப்புவதில்லை. குரல் கெட்டால் வால்வை மட்டும் குறை சொல்லக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

வால்வுக்கு இரண்டு வேலை. காற்றை ஒரு பக்கமாக விடவேண்டும். குடிக்கிற தண்ணீரும் சாப்பாடும் மூச்சுக்குழாய்க்குள் வராமல் தடுக்கவேண்டும். உள்ளே இருக்கும் சின்ன மூடி இதைச் செய்கிறது. இரு முனையிலும் உள்ள விளிம்புகள் வால்வை நழுவாமல் பிடித்திருக்கின்றன. வால்வுக்கு விட்டம், நீளம் என்று இரண்டு அளவு உண்டு. விட்டத்தை ‘ஃப்ரெஞ்ச்’ என்ற அலகில் சொல்வார்கள்; 3 ஃப்ரெஞ்ச் என்றால் 1 மி.மீ. ஆக 20 ஃப்ரெஞ்ச் வால்வின் குறுக்களவு 7 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. நீளம் இரு விளிம்புகளுக்கும் நடுவிலுள்ள தூரம்: 4, 6, 8, 10 மி.மீ. என்று போகும். உங்கள் வால்வின் பெயர், விட்டம், நீளம், மாட்டிய தேதி நான்கையும் ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருங்கள். கீழே வரும் பல பதில்களில் அது தேவைப்படும்.

ஆறு மாசம் வரும்னு சொன்னாங்க, ரெண்டு மாசத்துலயே போயிடுச்சு. மாட்டினதுல தப்பா?

பெரும்பாலும் இல்லை. ஆறு மாதம் ஓடும் வால்வும் உண்டு, இரண்டு மாதத்தில் ஒழுகத் தொடங்கும் வால்வும் உண்டு, இரண்டுமே சாதாரணம். கதிர்வீச்சு எடுத்திருக்கிறாரா, நெஞ்செரிச்சல் உண்டா, வாயில் காளான் எவ்வளவு, எப்படிச் சுத்தம் செய்கிறார் என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும்.

மற்றவர் கணக்கோடு ஒப்பிடுவதைவிட உங்கள் பழைய கணக்கோடு ஒப்பிடுங்கள். நான்கு மாதம் வந்துகொண்டிருந்தது திடீரென்று மூன்று வாரமாகக் குறைந்தால் ஏதோ மாறியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புதுசு புதுசாக மாட்டிக்கொண்டே போவது வீண். மாற்றிய தேதிகளோடு, ஒவ்வொரு முறையும் என்ன காரணத்துக்காக மாற்றினார்கள் என்பதையும் எழுதி வையுங்கள். ‘நடுவில் ஒழுகல்’, ‘ஓரத்தில் ஒழுகல்’ என்று இரண்டு சொல் போதும்.

தினமும் எப்படிச் சுத்தம் பண்றது? பிரஷ் முதல்லயா, தண்ணி முதல்லயா?

பிரஷ் முதலில், பிறகு தண்ணீர். காலையும் இரவும் கட்டாயம். சாப்பிட்டபின் ஒருமுறை செய்தால் இன்னும் நல்லது. கையைச் சோப்பு போட்டுக் கழுவி, வெளிச்சம் கழுத்துத் துளைக்குள் நேராக விழும்படி கண்ணாடி முன் உட்காருங்கள். இருமிச் சளியை வெளியேற்றுங்கள். காய்ந்த சளி ஒட்டியிருந்தால் நுனி மழுங்கிய இடுக்கியால் எடுங்கள். பிரஷ்ஷைக் குடிநீரில் நனைத்து வால்வின் நடுத்துளையில் மெதுவாக விட்டு, ஒரே திசையில் சுழற்றிக்கொண்டே முன்னும் பின்னும் இரண்டு மூன்று முறை அசைத்து வெளியே எடுங்கள். வருகிற அழுக்கை மெல்லிய துணியில் துடைத்து, பிரஷ்ஷை அலசி, அழுக்கு வராதவரை திரும்பச் செய்யுங்கள். சொட்டச் சொட்ட நனைந்த பிரஷ்ஷை விட்டால் தண்ணீர் மூச்சுக்குழாயில் விழுந்து இருமல் வரும். ஒருமுறை உதறிவிட்டு விடுங்கள்.

அடுத்து ஃப்ளஷ் குமிழ். கொதித்து ஆறிய தண்ணீரை அதில் எடுத்து, நுனியை வால்வுக்குள் இறுக்கமாகப் பொருத்திய பிறகே அழுத்தவேண்டும். பொருந்தாமல் அழுத்தினால் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். பொருந்தியிருந்தால் உணவுக்குழாய்க்குள் இறங்கிவிடும், அதனால் கெடுதல் இல்லை. குமிழை வெளியே எடுக்கும்வரை அழுத்தியபடியே இருங்கள். உள்ளே இருக்கும்போதே கையைத் தளர்த்தினால் உணவுக்குழாயில் இருப்பதைக் குமிழ் உறிஞ்சிக்கொள்ளும். வீட்டுக்கு வெளியே இருக்கும்போது குமிழில் வெறும் காற்றை நிரப்பிக்கொண்டு ஊதினாலும் ஓரளவு பலன் உண்டு.

பல் குச்சி, காது பஞ்சு, ஊக்கு, இன்னொருவருடைய நீளமான பிரஷ் எதுவும் வேண்டாம். பிரஷ் வால்வின் நீளத்துக்கு ஏற்றதாக வரும். நீளம் மாறினால் பிரஷ்ஷும் மாறவேண்டுமா என்று அன்றே கேட்டுவிடுங்கள். வாசலின் போன்ற எண்ணெய்ப்பசையுள்ள களிம்பு சிலிக்கானைக் கெடுக்கும். வழுவழுப்புக்கு நீரில் கரையும் ஜெல் மட்டும்தான்.

பிரஷ்ஷைக் கொதிக்கிற தண்ணில போட்டு வைக்கலாமா?

வேண்டாம், வளைந்துவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாக அலசியபின் நாளுக்கு ஒருமுறை 70% ஆல்கஹாலில் 10 நிமிடமோ, 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் 60 நிமிடமோ ஊறவைத்து, திரும்ப அலசி, சுத்தமான துணியின் மேல் காயவிடுங்கள். ஈரத்தோடு டப்பாவில் மூடினால் அதிலேயே காளான் வளரும். இந்தத் திரவங்கள் பிரஷ்ஷுக்கு மட்டுமே. உள்ளே இருக்கும் வால்வில் ஒரு துளிகூடப் படக் கூடாது. பிரஷ்ஷை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். கம்பி வளைந்தாலோ முடி உதிர்ந்தாலோ மாதக் கணக்குப் பார்க்காமல் உடனே மாற்றுங்கள்.

தண்ணி குடிச்சா இருமல் வருது. வால்வு போயிடுச்சா?

ஒழுகல் இருக்கிறது என்பது மட்டும் இதில் தெரிகிறது. எங்கே ஒழுகுகிறது என்பதைப் பார்த்தால்தான் அடுத்து என்ன என்று சொல்ல முடியும். வால்வின் நடுவில் ஒழுகினால் வால்வில் கோளாறு. வால்வைச் சுற்றி ஓரத்தில் ஒழுகினால் அளவிலோ துளையிலோ கோளாறு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. போனில் ‘ஒழுகுது’ என்று மட்டும் சொன்னால் யாராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது.

வீட்டிலேயே பார்க்கலாம். முதலில் மேலே சொன்னபடி பிரஷ், ஃப்ளஷ் இரண்டும் செய்து முடியுங்கள். இல்லாவிட்டால் உள்ளே மாட்டிய ஒரு பருக்கை உங்களை ஏமாற்றிவிடும். உணவில் சேர்க்கும் நீலம் அல்லது பச்சை நிறத்தை ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு கலந்துகொள்ளுங்கள். வால்வைச் சுற்றித் துடைத்து உலர்த்துங்கள். நோயாளி ஒரு வாய் விழுங்கும்போது, கூட இருப்பவர் டார்ச் அடித்து வால்வையே பார்க்கவேண்டும். நிறத் துளி நடுத்துளையிலிருந்து எட்டிப் பார்க்கிறதா, விளிம்பின் அடியிலிருந்து கசிகிறதா? துளி வந்து ஓரிரு விநாடியில் சளியோடு கலந்துவிடும் என்பதால் முதல் துளியை விட்டுவிடாதீர்கள். துடைத்துவிட்டு இரண்டு மூன்று வாய் திரும்பப் பாருங்கள். செல்போனில் வீடியோ எடுத்துவைத்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். சிலருக்கு இரண்டு இடத்திலும் ஒழுகும். அதையும் அப்படியே சொல்லுங்கள்.

‘கொஞ்சம் இருமல்தானே’ என்று வாரக்கணக்கில் பழகிக்கொள்பவர்கள் நிறையப் பேர். ஒழுகுவது நுரையீரலுக்குத்தான் போகிறது. காய்ச்சல், சளியின் நிறம் மாறுதல், மூச்சிரைப்பு வந்தால் அது நிமோனியாவாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

நடுவுலதான் ஒழுகுது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணுமா?

நிதானமாக இன்னொருமுறை பிரஷ்ஷும் ஃப்ளஷ்ஷும் செய்து, நிறத் தண்ணீரில் திரும்பப் பாருங்கள். மூடியின் கீழ் மாட்டிய உணவுத் துணுக்கோ, சளியில் ஒட்டிய மூடியோ காரணமென்றால் அதிலேயே சரியாகிவிடும். திடீரென்று தொடங்கிய ஒழுகலில் இதை முதலில் சந்தேகிக்கலாம். நாள்பட மெல்ல மெல்லக் கூடிய ஒழுகலென்றால் காளான் படிந்து மூடி சரியாக மூடாமல் போயிருக்கும், வால்வை மாற்றவேண்டியதுதான்.

மாற்றும் நாள் வரை பிளக் போட்டுக்கொண்டு சாப்பிடலாம் (அடுத்த கேள்வி). பிளக் இல்லாவிட்டால் திரவத்தைக் கெட்டியாக்கிக் குடியுங்கள். தண்ணீர் ஒழுகும் இடத்தில் கஞ்சிப் பதம் பெரும்பாலும் ஒழுகாது. இருமலுக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடாதீர்கள். சளி கெட்டியாகி இன்னொரு தொல்லையைக் கொண்டுவரும்.

பிளக் போட்டா மூச்சு அடைக்காதா?

அடைக்காது. பிளக் மூடுவது வால்வின் நடுத்துளையை. மூச்சு போய் வருவது கழுத்துத் துளையில். போட்டிருக்கும்போது பேச மட்டும் முடியாது. சாப்பிடும்போது போட்டு, முடிந்ததும் எடுத்துக் கழுவி வைப்பது வழக்கம். பிளக் உங்கள் வால்வின் தயாரிப்புக்கும் விட்டத்துக்கும் பொருந்தவேண்டும். அதோடு வரும் பட்டையையோ கயிற்றையோ கழுத்தில் ஒட்டிவிட்டே போடுங்கள். இருமலில் பிளக் தெறித்து உள்ளே போனால் வம்பு.

ஓரத்தில் ஒழுகுகிறவருக்குப் பிளக் உதவாது. போட்டும் இருமல் நிற்கவில்லை என்றால் ஓர ஒழுகலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

வால்வுல வெள்ளையா மஞ்சளாப் புள்ளி தெரியுது. காளான்னா மருந்து போட்டா போயிடுமா?

அது கேண்டிடா என்ற காளானும் பாக்டீரியாவும் சேர்ந்து படியும் படலம். வாயிலும் தொண்டையிலும் இயல்பாகவே இருப்பது, சிலிக்கானில் குடியேறுகிறது. சிலிக்கானுக்குள்ளேயே வேர்விட்டு வளரும் என்பதால், ஒழுகத் தொடங்கிவிட்ட வால்வை மருந்து திரும்பச் சீராக்காது. மருந்தின் பலன் அடுத்த வால்வின் ஆயுளில்தான் தெரியும். புள்ளி மட்டும் தெரிகிறது, ஒழுகலும் இல்லை, குரலும் நன்றாக இருக்கிறது என்றால் மாற்ற அவசரம் இல்லை.

நிஸ்டாட்டின் திரவம் எழுதிக் கொடுத்திருந்தால் பல் தேய்த்து, பல் செட்டைக் கழற்றிவிட்டு, வாயில் சில நிமிடம் சுழற்றிப் பிறகு விழுங்குங்கள். அதன்பின் அரை மணி நேரம் எதுவும் வேண்டாம். அதிலேயே பிரஷ்ஷை நனைத்து வால்வைத் துலக்கச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. சில நிஸ்டாட்டின் திரவங்களில் சர்க்கரை கலந்திருக்கும். நீரிழிவு உள்ளவர்கள் புட்டியைப் படித்துப் பார்க்கவேண்டும். ஃப்ளூகோனசோல் மாத்திரையை மருந்துக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளோடும் சில சர்க்கரை மாத்திரைகளோடும் அது மோதும்.

பல் செட்டை இரவில் கழற்றிச் சுத்தம் செய்வது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, புகையிலையை விடுவது, தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் எடுக்காதிருப்பது எல்லாம் காளானைக் குறைக்கும். பல் செட்டுதான் பலரும் மறந்துபோகிற இடம்.

புதுசு மாட்டி ஒரு வாரம்கூட ஆகலை, மறுபடி நடுவுல ஒழுகுது. கழட்டிப் பார்த்தா காளானும் இல்லையாம்.

சிலருக்கு மூச்சை இழுக்கும்போதும் விழுங்கும்போதும் உணவுக்குழாய்க்குள் அழுத்தம் அதிகமாகக் குறைந்து, மூடியை உள்ளே இழுத்துத் திறந்துவிடும். காளானுக்கு இதில் பங்கே இல்லை. டார்ச் அடித்து வால்வுக்குள் பார்த்தால், பேசாதபோதே ஒவ்வொரு மூச்சுக்கும் மூடி படபடப்பது தெரியும். நிஸ்டாட்டினை எவ்வளவு ஊற்றினாலும் இது நிற்காது. திறக்க அதிக அழுத்தம் தேவைப்படும் வால்வு, அல்லது சிறு காந்தங்களால் மூடியைப் பிடித்துவைக்கும் வால்வு இவர்களுக்கு ஏற்றது. பேசுவதற்குச் சற்றுக் கூடுதலாக ஊதவேண்டியிருக்கும்.

இன்னொரு காரணம், வால்வின் நுனி உணவுக்குழாயின் பின்சுவரில் முட்டி மூடி முழுதாக மூடாமல் இருப்பது. நீளத்தைத் திரும்ப அளந்தால் தெரிந்துவிடும். மாட்டிய அன்றே ஒழுகினால், உள்விளிம்பு சரியாக விரியவில்லையோ என்றும் பார்க்கவேண்டும். அதனால் புது வால்வு மாட்டியதும், நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே மாட்டியவர் எதிரிலேயே தண்ணீர் குடித்துக் காட்டுங்கள்.

ஓரமா ஒழுகுது. பெரிய சைஸ் போட்டா அடைஞ்சிடுமில்ல?

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். நடப்பது பெரும்பாலும் வேறு. தடித்த வால்வைத் திணித்தால் துளை இன்னும் விரியும், சில வாரத்தில் அதுவும் ஒழுகும். ஓர ஒழுகலுக்கு மிகச் சாதாரணமான காரணம் வால்வின் நீளம் அதிகமாகிப்போவது. அறுவை முடிந்த புதிதில் சுவர் வீங்கியிருக்கும்; அப்போது 10 மி.மீ. பொருந்தியது, வீக்கம் வடிந்தபின் 6 அல்லது 8 மி.மீ. போதுமாக இருக்கும். நீளம் அதிகமான வால்வு பிஸ்டன் போல முன்னும் பின்னும் ஆடி, துளையை அறுத்து அகலமாக்குகிறது. அளந்து குட்டையானதை மாட்டினால் பலருக்கு அதோடு நின்றுவிடும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய அளவையே எழுதிவைத்து மாட்டிக்கொண்டிருப்பது கூடாது.

நீளம் சரியாக இருந்தும் ஒழுகினால் துளைதான் விரிந்திருக்கிறது. உள்பக்க விளிம்பு அகலமாக உள்ள வால்வு, மூச்சுக்குழாய்ப் பக்கம் செருகும் மெல்லிய சிலிக்கான் வளையம், துளையைச் சுற்றிச் சுருக்குத் தையல், துளை ஓரத்தில் சதையைப் பருமனாக்கும் ஊசி என்று படிப்படியாக வழிகள் உண்டு. வால்வைச் சில நாட்களுக்கு எடுத்துவிட்டுத் துளை தானே சுருங்க விடுவதும் உண்டு. அதுவரை சாப்பாடு மூக்குக் குழாய் வழியாகப் போகவேண்டியிருக்கலாம்.

துளை ஏன் விரிந்தது என்பதும் முக்கியம். கதிர்வீச்சு, வயிற்று அமிலம் மேலேறுவது, சத்துக்குறைவு, தைராய்டு குறைவு எல்லாமே சதையை ஆறவிடாது. கழுத்தில் அறுவையும் கதிர்வீச்சும் சேர்ந்து நடந்தவர்களுக்குத் தைராய்டு குறைவது சகஜம். ஆண்டுக்கு ஒருமுறையாவது டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை தேவை. இவற்றில் எதுவும் காரணமாகத் தெரியாமல் துளை பெரிதாகிக்கொண்டே போனால், புற்றுநோய் திரும்பவில்லை என்று மருத்துவர் உறுதிசெய்துகொள்ளவேண்டும். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. விட்டுவிடக் கூடாத பரிசோதனை இது.

வால்வு தானா சுத்துதே, பரவாயில்லையா?

சுற்றலாம். உள்ளே தங்கும் வகை வால்வு இருந்த இடத்தில் சுழல்வது இயல்பு. முன்னும் பின்னும் 1 அல்லது 2 மி.மீ. அசைவும் இருக்கவேண்டியதே. அதற்குமேல் ஆடினால் முந்தைய பதில்.

வால்வோட விளிம்பே தெரியலை, சதை மூடிட்டு வருது.

இது நீளம் போதாததன் அடையாளம். சுவர் வீங்கியதாலோ தொற்றாலோ வால்வு இறுக்கப்பட்டு, சதைக்குள் புதைகிறது. வலி, சிவப்பு, பேசக் கூடுதல் பலம் என்று கூடவே வரும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். முழுதாகப் புதைந்துவிட்டால் உணவுக்குழாய்ப் பக்கத் துளை மூடிக்கொண்டு, வால்வு மூச்சுக்குழாய்ப் பக்கம் பிதுங்கி வரும். நீளமான வால்வு மாட்டி, தொற்று இருந்தால் மருந்து கொடுத்து, வீக்கம் வடிந்தபின் திரும்பக் குட்டையானதற்கு மாறுவார்கள். ஓரத்தில் சிவந்த சின்னச் சதைமொட்டு மட்டும் இருந்தால் அதைத் தீய்த்து அகற்றுவதுண்டு.

நேத்து வரைக்கும் நல்லா பேசினார் அப்பா, இன்னிக்கு குரலே வரலை.

வால்வு அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும்: பிரஷ், ஃப்ளஷ். ஃப்ளஷ்ஷில் தண்ணீர் தடையில்லாமல் இறங்கினால் வால்வு திறந்திருக்கிறது. அடுத்து, கழுத்துத் துளையை எவ்வளவு அழுத்தி மூடுகிறார் என்று பாருங்கள். பலமாக அழுத்தினால் வால்வின் முனை பின்சுவரில் முட்டிக் காற்று நின்றுவிடும், தொண்டைத் தசையும் இறுகும். லேசாக மூடி, இயல்பாக ஒரு மூச்சு எடுத்து ‘ஆ’ சொல்லச் சொல்லுங்கள். கழுத்துத் துளையின் ஓரத்தில் காற்று சீறினால் மூடுவதுதான் போதவில்லை.

அதிலும் வரவில்லை என்றால் வால்வு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விளிம்பு சாய்ந்தோ, வழக்கத்தைவிட வெளியே நீட்டியோ இருந்தால் பிரஷ் விடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வால்வு மாற்றிய அடுத்த நாள் குரல் மங்கினால், மாற்றும்போது ஏற்பட்ட வீக்கமாக இருக்கலாம். இரண்டொரு நாளில் தெளியாவிட்டால் உள்விளிம்பு விரிந்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு மாசக்கணக்கா ஆகியும் குரல் சரியா வந்ததே இல்லை. மூணு வால்வு மாத்தியாச்சு.

நான்காவது வால்வு மாட்டுமுன் தொண்டையைப் பார்க்கவேண்டும். குரல் பிறக்கும் தசை வளையம் அளவுக்கு மீறி இறுகினால் குரல் திக்கி, நெரிந்து, ஓரிரு அசையோடு நின்றுவிடும். பேரியம் (எக்ஸ்ரேயில் தெரியும் திரவம்) விழுங்கவைத்துப் பேசச்சொல்லி எக்ஸ்ரே திரையில் பார்த்தால் இறுக்கம் தெரியும். அந்தத் தசையில் லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்பதும் உண்டு. போட்டதும் குரல் தாராளமாக வந்தால் காரணம் தசைதான் என்று உறுதி. பிறகு தசையைத் தளர்த்தும் போட்யுலினம் ஊசி போடுவார்கள். சிலருக்கு ஒரே ஊசி போதும், சிலருக்குச் சில மாதத்தில் திரும்பத் தேவைப்படும். இறுக்கம் தசையில் இல்லாமல் தழும்பால் ஏற்பட்ட சுருக்கமென்றால் விழுங்குவதும் கஷ்டமாக இருக்கும், அதை விரிவாக்கிவிடவேண்டும்.

இதற்கு மாறாகக் குரல் காற்றோடு கிசுகிசுப்பாக, பலமில்லாமல் வந்தால் தசை தளர்ந்திருக்கிறது. பேசும்போது கழுத்தின் மேற்பகுதியை விரலாலோ மீள்பட்டையாலோ மெல்ல அழுத்தினால் குரல் கனக்கும். எந்த இடத்தில் அழுத்தினால் நன்றாக வருகிறது என்பதைப் பேச்சு சிகிச்சையாளர் தேடிக் கொடுப்பார்.

பேசினா வயிறு உப்புசமாயிடுது.

மேலே போகவேண்டிய காற்று வயிற்றுக்கு இறங்குகிறது. தசை இறுக்கம் உள்ளவர்களிடம் இது அதிகம், ஆகவே முந்தைய பதிலைப் பாருங்கள். அளவுக்கு மீறி ஊதிப் பேசுவதும், மூச்சிழுக்கும்போதே மூடி திறந்துகொள்வதும் (ஒரு வாரத்தில் ஒழுகிய வால்வு பற்றிய பதில்) மற்ற காரணங்கள்.

பிரஷ்ல ரத்தம் ஒட்டியிருக்கு.

எப்போதாவது இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தால் முரட்டுத்தனமாகத் துலக்கியிருக்கிறீர்கள், அல்லது காற்று உலர்ந்து மூச்சுக்குழாயின் உள்தோல் லேசாக வெடித்திருக்கிறது. கழுத்துத் துளையின் மேல் போடும் எச்.எம்.இ. வடிகட்டி ஈரத்தைக் காக்கும். அதை 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது மாற்றவேண்டும், கழுவித் திரும்பப் போடக் கூடாது. ரத்தம் தினமும் வந்தாலோ, துளித்துளியாக விழுந்தாலோ சதைமொட்டோ வேறு கோளாறோ இருக்கலாம், காட்டிவிடுங்கள். நிற்காமல் வந்தால் அவசர சிகிச்சை.

வால்வு கழண்டு வந்துடுச்சு! இப்ப என்ன பண்றது?

வால்வு இருந்த துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும். அதோடு எச்சிலும் உணவும் அதன் வழியே மூச்சுக்குழாயில் இறங்கும். வாயில் எதுவும் போடாதீர்கள், எச்சிலைத் துப்பிவிடுங்கள். மாட்டப் பழக்கியிருந்தால், துளையின் அளவுக்கேற்ற ரப்பர் கதீட்டரை (மெல்லிய குழாய்; 14 அல்லது 16 ஃப்ரெஞ்ச் வழக்கம்) நீரில் கரையும் ஜெல் தடவி, பின்பக்கமாகக் கீழ்நோக்கி ஏறக்குறைய 15 செ.மீ. விட்டு, வெளிமுனையை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் ஒட்டுங்கள். துளை பின்சுவரில் இருக்கிறது. நேரே கீழே விட்டால் மூச்சுக்குழாய்க்குள் போகும். அப்படிப் போனால் கடும் இருமல் வரும், மூச்சுக்காற்று கதீட்டர் வழியாக அடிக்கும். உடனே வெளியே எடுங்கள். பழக்கமில்லாதவர்கள் முயற்சிக்க வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

உள்ளே தங்கும் வகை வால்வை நீங்களே திரும்பச் செருகக் கூடாது. விழுந்த வால்வைக் கழுவி ஒரு டப்பாவில் போட்டு அளவு அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். கதீட்டர், ஜெல், ஒட்டும் பட்டை, டார்ச் நான்கும் ஒரே பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும். கதீட்டர் விடுவதை வால்வு விழுந்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது. அடுத்த முறை வால்வு மாற்றும்போது சொல்லித்தரக் கேளுங்கள்.

வால்வு கழண்டது தெரியுது, ஆனா எங்கே போச்சுன்னே தெரியலை.

கையில் வால்வு கிடைக்கும்வரை அது மூச்சுக்குழாயில் இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் சாய்ந்து பலமாக இருமச் சொல்லுங்கள். சில சமயம் வந்துவிடும். வராவிட்டால், இருமல் அடங்கி நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுத்து, உள்ளே இருந்தால் கழுத்துத் துளை வழியாகக் குழாய் விட்டு எடுப்பார்கள். வயிற்றுக்குள் போயிருந்தால் பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும், எதுவும் செய்யத் தேவையிருக்காது. எதில் போயிருக்கிறது என்பதை வீட்டில் ஊகிக்காதீர்கள்.

வேற ஏதாவது ஸ்கேன், எண்டோஸ்கோபி, ஆபரேஷன்னா வால்வைப் பத்தி யார்கிட்ட சொல்லணும்?

எல்லாரிடமும். எம்.ஆர்.ஐ.க்குச் சிலிக்கான் வால்வு பொதுவாகத் தடையில்லை. காந்தமுள்ள வகையென்றால் ஸ்கேன் எடுப்பவர் அதன் விவரத்தைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும், ஆகவே அட்டை அவசியம். எண்டோஸ்கோபி குழாயோ மூக்குக் குழாயோ விடும்போதும் எடுக்கும்போதும் வால்வில் சிக்கி இழுபடலாம். முடிந்தபின் நிறத் தண்ணீர் பரிசோதனை ஒருமுறை செய்துவிடுங்கள்.

மயக்க மருந்து கொடுப்பவருக்கு இரண்டு செய்தி போய்ச் சேரவேண்டும்: ஒன்று, மூச்சு கழுத்துத் துளையில் மட்டுமே, மூக்கும் வாயும் நுரையீரலோடு தொடர்பில் இல்லை; இரண்டு, உள்ளே தெரியும் சிலிக்கான் துண்டு வால்வு, அதைப் பிடுங்கக் கூடாது. அவசரத்தில் ஆக்சிஜன் முகமூடியை மூக்கில் வைத்துவிடும் தவறு நடப்பதுண்டு. ‘கழுத்தால் மூச்சு விடுபவர், ஆக்சிஜனைக் கழுத்துத் துளையில் கொடுக்கவும்’ என்று எழுதிய அட்டையோ கைவளையமோ போட்டிருங்கள். செயற்கை மூச்சு கொடுக்க நேர்ந்தால் குழந்தைகளுக்கான சிறிய முகமூடி கழுத்துத் துளையில் ஓரளவு பொருந்தும்.

இத்தனை தொல்லைக்கு துளையையே மூடிட்டா என்ன?

வால்வு இருக்கும் துளையை மூடலாம் (மூச்சு விடும் கழுத்துத் துளையை அல்ல). நன்றாகப் பொருந்திய வால்வு இருந்தும் ஓர ஒழுகல் நிற்காதவர்கள், அடிக்கடி நிமோனியா வருபவர்கள், சுத்தம் செய்யக் கையும் கண்ணும் ஒத்துழைக்காமல் உதவிக்கும் ஆளில்லாதவர்கள் இதைப் பற்றி மருத்துவரிடம் பேசுவது நியாயம். வால்வை எடுத்துவிட்டால் கதிர்வீச்சு படாத சிறு துளை பல சமயம் தானே மூடிக்கொள்ளும். கதிர்வீச்சு பட்டு விரிந்த துளைக்கு அறுவை தேவைப்படும். சில சமயம் வேறு இடத்துச் சதையை எடுத்து வைத்து மூடவேண்டியிருக்கும்.

மூடியபின் பேச எலக்ட்ரோலாரிங்ஸ் கருவி உண்டு; கழுத்தில் வைத்து அதிரவைக்கலாம், கழுத்துத் தோல் கதிர்வீச்சால் தடித்திருந்தால் கன்னத்திலோ வாய்க்குள் போகும் சிறு குழாயோடோ பயன்படுத்தலாம். காற்றை உணவுக்குழாய்க்குள் இழுத்து ஏப்பமாக வெளிவிட்டுப் பேசும் முறையையும் கற்றுக்கொள்ளலாம். அதற்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும், எல்லாருக்கும் கைவராது. ஆகவே துளையை மூடும் தேதி குறிப்பதற்கு முன்பே கருவியை வாங்கிப் பழகத் தொடங்கிவிடுங்கள்.